மஸ்கட் நம்பரில் தொடங்கிய குரூப்

எங்கள் பெரியப்பா ஒரு பேச்சு பேசுவார், தம்பி. முழுசாக ஞாபகத்தில் இல்லை. "வீட்டுக்குள்ள புதுசா ஒரு சாமான் வந்தா, அதுல யாரு பேசுதான்னு பாக்காதீங்கடே" என்று ஆரம்பிப்பார். நடுவில் என்னவோ வரும். கடைசியில், "யாரு வாய் மூடுதுன்னு பாருங்க" என்று முடிப்பார். ஊருக்கு முதல் டிவி வந்தபோது சொன்னது. அந்த நடுவில் உள்ளதுதான் முக்கியம் என்று எனக்கு ஒரு எண்ணம். அவர் மகன் பரமசிவத்தைக் கேட்டேன். அவனுக்கு அப்படி ஒரு பேச்சு பேசியதே ஞாபகமில்லை. சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் இருக்கிறாள், கயத்தாற்றுச் சித்தி. அவளிடம் போய்க் கேட்கிற நிலைமையில் நான் இல்லை. ஏன் என்பதை வரும்போது சொல்கிறேன்.

என் போன் இப்படிக் கத்துகிறதே என்று பார்க்காதீர்கள். மற்ற நாளில் நான் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். இன்றைக்கு அணைக்க முடியாது. இது ஒவ்வொன்றும் எனக்கு அடிக்கிற மேளம். கேட்டுக்கொண்டே போவோம்.

மடியில் இருப்பது மாமன் சீர். என் அக்காள் மகள் தாரணிக்குக் கோவில்பட்டியில் கல்யாணம். இன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, விடிந்தால் முகூர்த்தம். பட்டு இருக்கிறது, கொலுசு இருக்கிறது, மாலை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். என் வீட்டுக்காரி காலையிலேயே போய்விட்டாள். நான் வேண்டுமென்றே இந்த பஸ்ஸுக்கு வந்தேன். மண்டபத்து வாசலில் பெண்ணின் அப்பா, என் அத்தான் உலகநாதன், பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் முகத்தைப் பார்க்கத்தான் போகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கேளுங்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நான் மஸ்கட்டில் இருந்தவன். ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். வெள்ளிக்கிழமை லீவு. வெள்ளிக்கிழமை என்றால் அங்கே துணி துவைப்பதும் சுவரைப் பார்ப்பதும்தான். அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் வாட்ஸப்பில் ஒரு குரூப்பைத் தொடங்கினேன். 'நம்ம சொந்தம்' என்று பெயர் வைத்தேன். அப்போது அதில் நானும், அபுதாபியில் இருந்த சித்தி மகனும் இரண்டே பேர். இரண்டு பேரும் "சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொள்வோம். அவ்வளவுதான் சொந்தம்.

மற்றவர்களை எப்படிக் கொண்டுவந்தேன் என்பதுதான் வித்தை. இதை நீங்கள் எந்தக் காலேஜிலும் படித்திருக்கமாட்டீர்கள்.

லீவில் வந்தபோது முதலில் சித்தி வீட்டுக்குப் போனேன். சண்முகவடிவுச் சித்தி. கயத்தாற்றில் எங்கள் ஆட்களில் மூத்தவள். "அதைக் காதுல வச்சா மூளை வெந்துரும்னு பேப்பர்ல போட்டிருக்காம்லே" என்றாள். நான் வாதாடவில்லை. போனைக் கையில் கொடுத்து அபுதாபியில் இருந்த பேரனைக் காட்டினேன். அது ஆறு மாசக் குழந்தை. அவள் தொட்டுப் பார்த்ததில்லை. குழந்தை சிரித்தது, கடைவாயில் எச்சில் ஒழுகியது. சித்தி முந்தானையை எடுத்துப் போன் கண்ணாடியைத் துடைத்தாள். அப்புறம்தான் தான் என்ன செய்தோம் என்று தெரிந்து என்னைப் பார்த்தாள். சித்தப்பா உள்ளே இருந்து, "துடைச்சு முடிச்சா என்கிட்ட கொடு" என்றார். அவ்வளவுதான். முடிந்தது.

கயத்தாற்றில் சித்தி எடுத்தால் தெருவே எடுக்கும். பிரஷர் குக்கர் அப்படித்தான் வந்தது. நைட்டி அப்படித்தான் வந்தது. சித்தி வாசலில் நின்று பேரனோடு தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டுப் பேசினாள். எதிர் வீட்டுக்காரி அந்த மாசமே மகனோடு சண்டை போட்டு ஒரு போன் வாங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி அதற்கு அடுத்து. நல்ல சாமான் என்று யாரும் வாங்கவில்லை, தம்பி. அவளிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லையே என்றுதான் வாங்கினார்கள்.

ஆம்பிளைகள் வேறு மாதிரி. அவர்களுக்குப் பொறாமை காட்டினால் வேலைக்கு ஆகாது. அவர்களுக்குச் செய்தியை அடைக்க வேண்டும். அந்த வருஷம் ஊர்க் கோயில் கொடைக்குத் தேதி மாறியது. நான் அதைக் குரூப்பில் மட்டும் போட்டேன். வேறு யாருக்கும் போன் செய்யவில்லை, சொல்லிவிடவும் இல்லை. பரமசிவம் அப்போது பட்டன் போன் வைத்திருந்தான். கொடை முடிந்து பந்தல் பிரித்த மறுநாள், மாலை போட்ட கிடாயைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றான். கோயிலில் ஒரு நாய்கூட இல்லை. கிடா அவனைப் பார்க்கிறது, அவன் கிடாயைப் பார்க்கிறான். அடுத்த வாரம் புதுப் போனோடு வந்து, "ஏலே தளவாய், என்னையும் அதுல சேத்து விட்டுரு" என்றான். நான் யாரையும் கெஞ்சியதே இல்லை. வருந்தி அழைத்ததும் இல்லை. தானாக வந்தார்கள்.

கடைசியில் மிச்சம் இருந்தவர் அத்தான்.

இதோ, மறுபடியும் அடிக்கிறது. பார்க்கட்டும், பார்க்கட்டும். எல்லாரும் பார்க்கட்டும்.

அத்தான் எங்களுக்கு வெளி ஆள் இல்லை. சொந்த அத்தை மகன். கோவில்பட்டியில் பெயிண்ட் கடை. நல்லதோ கெட்டதோ, சொந்தக்காரர்களுக்குச் சொல்லுகிற ஆள் அவர். வீடு வீடாகப் போய் வாசலில் நின்று சொல்வார். சாவு என்றால் உட்காரமாட்டார், தண்ணீர் குடிக்கமாட்டார். கல்யாணம் என்றால் அந்த வீட்டில் செத்துப்போனவர்கள் படம் எது இருக்கிறதோ அதற்கு முன்னால் முதலில் பத்திரிகையை வைப்பார், அப்புறம்தான் இருக்கிறவர்களைக் கூப்பிடுவார். எங்கள் ஆட்களில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம், ஆனால் அத்தான் செய்தால் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். குரல் வேறு நல்ல குரல். கொடைக்கு மைக்கில் அவர்தான் பேசுவார்.

"எதுக்கு அத்தான் வெயில்ல அலையுதீக? ஒரு அமுக்கு அமுக்குங்க, எல்லா வீட்டுக்கும் போயிரும். வாசல் வாசலா ஏற வேண்டாம்" என்று நான்தான் சொன்னேன். அவர் நல்லதுக்குத்தான் சொன்னேன். அவருக்கு மூட்டு வலி. என் கையாலேயே போனில் ஏற்றிக் கொடுத்தேன். மஸ்கட்டுக்குத் திரும்பும்போது, ஊரில் ஒரு ஆள் இருக்கட்டும் என்று அவரையும் அட்மின் ஆக்கினேன்.

அங்கேதான் தம்பி, நான் ஏமாந்தது. அவர் ஒரு எழுத்து அடிக்கமாட்டார். மைக் படத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசி அனுப்புவார். "ஏ பரமு, உன் மாட்டுக்குக் காய்ச்சல் விட்டுச்சாடே?" "அத்தை, கண்ணுல சொட்டு மருந்து விட்டாச்சா?" என்று ஆள் ஆளாகப் பேர் சொல்லிப் பேசுவார். சனங்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும். நான் மஸ்கட்டிலிருந்து நல்ல நல்ல செய்தியாகப் படித்து, சுருக்கி, பிழை இல்லாமல் தமிழிலும் இங்கிலீஷிலும் போடுவேன். அதற்கு ஒரு ஆள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவான். அவ்வளவுதான்.

பிறகு நான் மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். பாளையங்கோட்டையில் வீடு. புது நம்பர். அத்தானே என் புது நம்பரைச் சேர்த்து, நான் கேட்டதும் அட்மின் ஆக்கினார். பழைய மஸ்கட் நம்பர் கொஞ்ச நாளில் செத்துப்போயிற்று. இதில் ஒரு விஷயம் இருக்கிறது. குரூப்பைத் தொடங்கியவனை யாராலும் வெளியே தள்ள முடியாது. ஆனால் தொடங்கியது எந்த நம்பரோ அந்த நம்பருக்குத்தான் அந்த உரிமை. ஆளுக்கு இல்லை. எனக்கு அது அப்போது தெரியாது.

வந்து பார்த்தால் குரூப் சந்தைக்கடை. காலை வணக்கம், ரோஜாப்பூ, சாமி படம், வெங்காயத்தை அக்குளில் வைத்தால் காய்ச்சல் போகும். நான் சில விதிகள் போட்டேன். செய்தி மட்டும். வணக்கம் கூடாது. பூ கூடாது. ஒருவருக்கும் பிடிக்கவில்லை, ஆனாலும் அடங்கினார்கள். சித்தி மட்டும் அடங்கவில்லை.

சித்தப்பா தவறியிருந்தார். சித்தி தினமும் காலையில் அவர் படத்தைக் குரூப்பில் போடுவாள். ஒரு வார்த்தை எழுதமாட்டாள், படம் மட்டும். தினமும் அதே படம், அதே கட்டம் போட்ட சட்டை. ஒருமுறை சொன்னேன். இன்னொரு முறை குரூப்பிலேயே எல்லாரும் பார்க்க எழுதினேன்: 'ஒரே படம், ஒரே சட்டை, தினமும் வேண்டாம்.' மறுநாளும் போட்டாள். நீக்கிவிட்டேன்.

முகத்தைச் சுளிக்காதீர்கள், தம்பி. டிராபிக் போலீஸ்காரன் சொந்தக்காரி என்று சிக்னலில் விடுவானா? ஒழுங்கு என்றால் எல்லாருக்கும் ஒழுங்குதான். அதுவும் நான் அவளை மரியாதையாகத்தான் நீக்கினேன். காரணம் எழுதித்தான் நீக்கினேன்.

அன்று மத்தியானம் மீன் கடையில் நிற்கிறேன். போனைப் பார்த்தால், 'உலகநாதன் உங்களை நீக்கினார்.' என்னை! மீன்காரர் சாளையை அரிந்துகொண்டே, "என்ன அண்ணாச்சி, யாரும் தவறிட்டாகளா?" என்றார். அப்படி இருந்திருக்கிறது என் முகம்.

உடனே அடித்தேன். "என்ன அத்தான் இது?"

"மாப்ளே, கொஞ்ச நாள் வெளியில இருங்க. உங்க சித்தி அழுதுட்டாக. அவுகளைத் திரும்பச் சேத்திருக்கேன். இது ஆறட்டும்."

"நான் தொடங்கின குரூப் அத்தான் அது."

அத்தான் சிரித்தார். "தொடங்கினது மஸ்கட் நம்பருல்லா மாப்ளே. அது இப்ப இல்லியே."

அந்தச் சிரிப்பைத்தான் தம்பி, இன்று வரைக்கும் சுமந்துகொண்டிருக்கிறேன். இந்தப் பையைவிட அது கனம். அவர் விளையாட்டாகச் சொன்னார் என்று அக்காள் சொல்கிறாள். சொல்லட்டும். அதற்கப்புறம் ஒரு காதுகுத்துக்குப் போனேன். பந்தியில் பரமசிவம், "என்ன தளவாய், வெளிநடப்பா?" என்கிறான். இலைக்கு இலை சிரிப்பு. சாம்பார் ஊற்றுகிறவன்கூடச் சிரிக்கிறான், அவனுக்கு என்ன தெரியும்?

ஒரு வருஷம் பொறுத்தேன். அத்தான் 'கொஞ்ச நாள்' என்றார் அல்லவா, திரும்பச் சேர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பேனா?

அப்போதுதான் 'கூடு' என்று ஒரு புது ஆப் வந்தது. உங்கள் போனில் இருக்குமே. படம் பேசும், நேரலை போகும், இன்னும் என்னவோ உண்டு. அது நல்லதா கெட்டதா என்று நான் பார்க்கவே இல்லை. வாட்ஸப்பில் இருப்பது எல்லாம் அதிலும் இருந்தது, அத்தான் மட்டும் இல்லை. அது போதும்.

யாரிடம் ஆரம்பித்தேன் என்று நினைக்கிறீர்கள்? சித்தியிடமா? இல்லை. இந்த முறை மருமகள்களிடம். பரமசிவம் மருமகள் சுபிக்ஷா, நல்ல துடியான பிள்ளை. "ஒரு புது ஆப் இருக்கும்மா" என்றேன்.

"அதுல யாரு யாரு இருக்காங்க சின்ன மாமா?"

"இப்போதைக்கு ஒருத்தரும் இல்லை. உங்க அத்தை இல்லை."

நான் வாயை மூடுவதற்குள், "ஏத்திட்டேன் மாமா" என்றாள்.

ஒரே மாசம். எங்கள் ஆட்களில் இருக்கிற மருமகள் எல்லாம் அங்கே வந்தாயிற்று. புதுச் சேலையைப் போடுவார்கள், ரசத்தில் உப்புக் கூடிப்போனதைப் போடுவார்கள், மாமியார் மாதிரிப் பேசிக் காட்டுவார்கள். மாமியார்களுக்கு இருப்பே கொள்ளவில்லை. இவள் போனைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறாள்? பின்னாலேயே வந்தார்கள். பெண்டாட்டி எங்கே போகிறாளோ என்று புருஷன்மார் வந்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு மறுபடியும் செய்தியை அடைத்தேன். இந்த வருஷக் கொடையைக் கூட்டில் மட்டும் நேரலை விட்டேன். கிடாய்க்காரன் பரமசிவம் முதல் ஆளாக வந்துவிட்டான், அவனுக்கு அனுபவம் இருக்கிறது.

இந்த முறை குரூப்பை இந்திய நம்பரில் தொடங்கினேன். இந்த நம்பரை உயிர் போனாலும் விடமாட்டேன்.

சித்தியை நான் சேர்க்கவில்லை. எதிர் வீட்டுப் பிள்ளை யாரோ சேர்த்துவிட்டாள். பெயரைப் பார்த்தேன். எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. அதை யாராவது எடுத்துச் சொல்வார்களா? மாட்டார்கள். அவளும் இதில் ஒன்றும் போட்டதில்லை. ஒரு படம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை.

பழைய குரூப் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஒருவரும் வெளியேறவில்லை. வெளியேறினால் அத்தானுக்குத் தெரியும், சங்கடம். சத்தத்தை அணைத்துவிட்டு விட்டுவிட்டார்கள். அத்தான் தினமும் அதில் பேசுவார். "எல்லாரும் சாப்பிட்டாச்சாடே?" பரமசிவம் ஒருநாள் எனக்குப் போட்டுக் காட்டினான். அடுத்தடுத்து அவர் குரல்தான். "என்னடே, ஒருத்தரையும் காணோம்?" "மழை அங்க எப்படி?" "ஏ பரமு?" பரமசிவம், "பாவமா இருக்குலே" என்றான். எனக்கு ஒன்றும் பாவமாக இல்லை. இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

இந்த நிலைமையில்தான் தாரணிக்குக் கல்யாணம் முடிவாகிறது.

பங்குனி வெயிலில் அக்காள் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்தாள். தனியாக. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. அம்மா அப்பா படத்துக்கு முன்னால் பத்திரிகையை வைத்துக் கும்பிட்டாள். அப்புறம் என்னிடம் கொடுத்தாள்.

"என்னக்கா, வேற எந்த வீட்டுக்கெல்லாம் போகணும்?" என்றேன். வாயில் வந்துவிட்டது, கேட்டுவிட்டேன்.

"ஒரு வீட்டுக்கும் இல்லடா. பத்திரிகையே கொஞ்சந்தான் அடிச்சோம், மாப்பிள்ளை வீட்டுக்கும் கடை ஆளுகளுக்கும். நம்ம ஆளுகளுக்கு எல்லாம் அத்தான் குரூப்லயே சொல்லிட்டாக. இப்ப யாரு வாசல் ஏறுதா? நீதான் குரூப்ல இல்லியே. அதான் நேர்ல வந்தேன்."

பார்த்தீர்களா, தம்பி? எங்கள் சொந்தம் அத்தனையிலும் முறையாக அழைக்கப்பட்டவன் நான் ஒருவன்தான். வெளியே தள்ளப்பட்டதால்.

சொல்லியிருக்கலாமே என்கிறது உங்கள் முகம். 'அக்கா, அந்தக் குரூப்பை ஒருத்தரும் பார்க்கிறது இல்லை' என்று ஒரு வார்த்தை. எதற்குச் சொல்ல வேண்டும்? மோர் கொடுத்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போனேன். பஸ் ஏற்றிவிட்டேன். வீட்டுக்காரியிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது லேசு என்று நினைக்காதீர்கள். உள்ளே கிடந்து குதிக்கிறது.

அதற்காக மருமகள் கல்யாணத்தைக் கெடுக்கிறவன் இல்லை நான். தாய்மாமன் அல்லவா? சின்னப் பிள்ளையில், நான் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தால் முதலில் ஓடிவந்து பல் விழுந்த இடத்தைக் காட்டியவள் அவள்தான். என் யோசனையே வேறு. இன்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கூட்டில் போட்டேன்: 'என் மருமகள் தாரணி திருமணம். இன்று மாலை அழைப்பு, நாளை காலை முகூர்த்தம். தாய்மாமன் தளவாய் அழைக்கிறேன். அனைவரும் வருக.' மண்டபத்துப் பெயரும் போட்டேன். அதற்கு வருகிற பதில்தான் இவ்வளவு நேரமும் அடித்துக்கொண்டிருக்கிறது.

சொந்தம் எல்லாம் பக்கத்தில்தான். கயத்தாறு, கழுகுமலை, நாலாட்டின்புதூர். ராத்திரிக்குள் வந்துவிடலாம். மத்தியானத்திலிருந்து காலி மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர், வேன் வேனாக வந்து இறங்குவதைப் பார்ப்பார். சந்தோஷத்தில் ஓடி வருவார். "குரூப்ல பாத்தீகளாடே?" என்று கேட்பார். "எந்தக் குரூப்? தளவாய் சொல்லித்தானே தெரியும்" என்பார்கள். அடுத்த ஆளிடம் கேட்பார். "தளவாய் சொன்னான்." அடுத்த ஆள். "தளவாய்." பன்னீர்ச் செம்போடு அவர் அதை ஒவ்வொரு வாயாகக் கேட்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று, "மஸ்கட் நம்பர் இல்ல அத்தான், இது உள்ளூர் நம்பர்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வேன். சிரித்துக்கொண்டே சொல்வேன்.

கங்கைகொண்டான் தாண்டிவிட்டதா? இருங்கள், என்ன வந்திருக்கிறது என்று படிக்கிறேன். நீங்களும் பாருங்கள்.

சுபிக்ஷா, கண்ணில் இதயம் வைத்த மூஞ்சி. இது யார், கழுகுமலை மாமா, இரண்டு கை கூப்பு. இவர் 'மணமக்கள் வாழ்க பல்லாண்டு.' இது குத்துவிளக்கு. இது ரோஜாப்பூ. ரோஜாப்பூ. தாமரை. ஆடுகிற கரடி, இதை ஏன் போட்டிருக்கிறான்? வாழ்த்துகள். வாழ்த்துகள். பரமசிவம், மல்லிகைப்பூ.

'வருகிறேன்' என்று... இருங்கள், மேலே போகிறேன். பூ. பூ. இல்லை. இல்லையே.

ஒரு நிமிஷம், பரமசிவத்துக்கு அடிக்கிறேன்.

"ஏ பரமு, கிளம்பியாச்சா? எங்கடே, கல்யாணத்துக்குத்தான்... போட்டிருக்கேன்லா... என்னது?... பாத்தேன், பாத்தேன், மல்லிகைப்பூ... நான் கேக்கது, வாறியா இல்லியா?... அதுக்கு என்ன, உலகநாதன் வரலைன்னா நான் கூப்பிடுதேன்லா. தாய்மாமன்டே நான்... சரி... சரி, வை."

என்ன சொல்கிறான் தெரியுமா? "நீ போட்டே. நானும் பூ போட்டுட்டேன். அது அதுக்குச் சரியாப் போச்சுல்லா. வீட்டுக்கு வந்து யாரும் கூப்பிடலியே, எப்படி வர?" கொடைக்குப் பிந்தி வந்த பயல் எனக்கு முறை சொல்கிறான். கொடை வேறயாம், அது சாமி காரியம், தேதி தெரிந்தால் போதுமாம். கல்யாணம் வாசலில் வந்து சொல்ல வேண்டுமாம். "சித்தி கிளம்பினா நாங்களும் கிளம்புதோம். அவ போகாம நாங்க எப்படி முந்திப் போக?" என்கிறான். குக்கரிலிருந்து இவர்களுக்கு இதே பிழைப்பு.

இது... சித்தி. பேசி அனுப்பியிருக்கிறாள். கூட்டில் அவள் வாயைத் திறப்பது இதுதான் முதல் தடவை. இருங்கள், சத்தத்தைக் குறைத்துப் போடுகிறேன். நீங்களும் கேளுங்கள், ஒரு சாட்சி இருக்கட்டும்.

"ஏலே தளவாய். நான் சண்முகவடிவு பேசுதேன். தாரணி நல்லா இருக்கட்டும், மகராசியா இருக்கட்டும். உலகநாதன் பழைய குரூப்ல பேசுனதையும் கேட்டேன். நான் அவன் பேசுறதை தினம் கேப்பேன். இப்ப நீ போட்டதையும் பாத்தேன். ரெண்டு பேரும் போன்ல கூப்பிட்டாச்சு. என் வாசல்ல வந்து ஒருத்தரும் சொல்லலியே. அவனைக் குத்தஞ்சொல்ல மாட்டேன். வாசல் ஏற வேண்டாம்னு அவன் கையில போனைக் கொடுத்தவன் நீ. அதனால நீ ஏறு. ஏறி, உங்க சித்தப்பா படத்துக்கு முன்னால பத்திரிகையை வச்சுச் சொல்லு. அதே படந்தான். அதே சட்டைதான். வந்து சொன்னேன்னா, வேனுக்குச் சொல்லி இந்தத் தெருவையே கூட்டிட்டு வாரேன். வராட்டா, நானும் ஒரு பூ போட்டுட்டு இருந்துக்கிடுதேன்."

கேட்டீர்களா திமிரை? 'அதே சட்டை'யாம். நான் எழுதியதை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பழைய குரூப்பை ஒருத்தரும் பார்ப்பதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, இவள் தினமும் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். என்னை வாசலில் ஏற்றி, நான் வேண்டாம் என்று சொன்ன படத்துக்கு முன்னாலேயே நிற்கவைக்கப் பார்க்கிறாள். நான் போவேனா? அவள் வராவிட்டால் கல்யாணம் நடக்காதா? மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள். அத்தான் நிற்கட்டும். காலி மண்டபத்தில் நிற்கட்டும். அதுவும் எனக்குச் சம்மதம்தான். உண்மையைச் சொன்னால் அதுதான் எனக்கு முதலில் தோன்றிய யோசனை.

மறுபடியும் ஒன்று. இது கூடு இல்லை. தாரணி.

'மாமா எங்க வாறீங்க? அவங்க பக்கம் ரெண்டு பஸ் வந்துட்டு. நம்ம பக்கம் அத்தையைத் தவிர இன்னும் யாருமே வரல. பொண்ணு வீட்டு ஆளுக எங்கன்னு கேக்காங்க. அப்பா வாசல்லயே நிக்காங்க, உக்காரச் சொன்னா உக்கார மாட்டேங்காங்க. சீக்கிரம் வாங்க மாமா.'

நான் பார்க்க ஆசைப்பட்டது இதுதான், தம்பி. அப்படியே இருக்கிறது. வாசல், செம்பு, அவர். இந்தப் பிள்ளை எழுதி நான் படிக்க வேண்டும் என்று மட்டும் நினைக்கவில்லை.

உட்காரமாட்டேன் என்கிறாராம். சாவு சொல்லப் போனால்தான் அவர் உட்காரமாட்டார்.

வெளியே என்ன ஊர்? பைபாஸ் வந்துவிட்டதா?

ஒன்று செய்யலாம். சித்தி வந்து இறங்குவாள். அத்தான் ஓடி வந்து, "வாங்கத்தை, குரூப்ல கேட்டுத்தானே வந்தீக?" என்பார். "இல்லப்பா, தளவாய் வாசலுக்கு வந்து சொன்னான்" என்பாள் அவள். பொய் சொல்லத் தெரியாதவள். தெரு முழுக்கப் பின்னால் நிற்கும். அவர் செய்கிற வேலையை நான் செய்திருக்கிறேன் என்று அவர் காதில் விழும். அது போதும் எனக்கு. பூ போடுகிற பயல்கள் யாரும் அதைக் கொடுக்க முடியாது.

பத்திரிகை என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அக்காள் எனக்குக் கொடுத்தது. மேலே 'தம்பி தளவாய்க்கு' என்று அவள் கையெழுத்து. இருக்கட்டும். சித்தப்பா அதையெல்லாம் பார்க்கமாட்டார்.

பெரியப்பா பேச்சில் நடுவில் என்ன வரும் என்றும் கேட்கலாம். சொன்னால் சொல்லட்டும்.

கண்டக்டர், இங்க ஒரு ஆள்... ஆமா, டிக்கெட் கோவில்பட்டிக்குத்தான். தெரியும், ஊருக்குள்ள போகாதுன்னு தெரியும், விலக்குல நிறுத்துங்க, நான் நடந்துக்கிடுதேன்.

தம்பி, கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். நான் கயத்தாற்றில் இறங்குகிறேன்.